மூழ்கடிச்சுக் காட்டுங்க... அப்புறம் புள்ளையை ஏத்துங்க!

அமெரிக்காவின் மினசோட்டா மாநிலத்தில் கார் நம்பர் பிளேட்டிலேயே '10,000 ஏரிகள்' என்று அச்சடித்திருப்பார்கள். அது தன்னடக்கம். 10 ஏக்கருக்குக் குறையாத ஏரிகளை மட்டும் எண்ணினாலே 11,842 வருகிறது. இவ்வளவு தண்ணீர் இருக்கிற ஊரில் வீட்டுக்கு வீடு என்ன கிடக்கும்? நம்மூரில் மாடிப்படிக்குக் கீழே ஓடாத டி.வி.எஸ் 50 கிடக்கிற மாதிரி, அங்கே கொல்லைப்பக்கம் ஒரு பழைய அலுமினியப் படகு கவிழ்ந்து கிடக்கும். 12 அடி அல்லது 14 அடி நீளம், குறுக்கே மூன்று பெஞ்ச், பின்னால் சின்ன இயந்திரம் மாட்ட ஒரு பலகை. தாத்தா வாங்கியது, அப்பா ஓட்டியது, பேரன் விற்கப் பார்ப்பது.

இந்தப் படகுகளை வாங்கிவந்து வீட்டிலேயே புதுசாக்குவது அங்கே ஒரு பெரிய பொழுதுபோக்கு. யூடியூபில் தேடிப் பாருங்கள், கொட்டிக் கிடக்கிறது. முதல் நிமிடத்தில் பறவை எச்சமும் காய்ந்த பாசியுமாக ஒரு தகரம். கடைசி நிமிடத்தில் பச்சை பெயின்ட், கார்பெட், சுழலும் நாற்காலி, எல்.ஈ.டி விளக்கு. மதிய சாப்பாட்டுக்கு டிபன் பாக்ஸைத் திறந்துவைத்துக்கொண்டு இதைப் பார்ப்பது என் கெட்ட பழக்கங்களில் ஒன்று. ஆனால், அந்த வீடியோக்கள் ஓட்டிக் காட்டுகிற பகுதியில்தான் நிஜமான வேலை இருக்கிறது என்பது, என் சித்தப்பா ஒரு படகு வாங்கிய பிறகுதான் புரிந்தது.

சித்தப்பா மேட்டூர்க்காரர். மினியாபொலிஸ் பக்கம் குடியேறி 15 வருஷம் ஆகிறது. போன வருஷம் குளிர் முடிகிற நேரத்தில் 350 டாலருக்கு 14 அடிப் படகு ஒன்றை டிரெய்லரோடு வாங்கிவந்து கராஜில் நிறுத்திவிட்டார். 1960-களில் செய்தது. அமெரிக்காவில் 1972 நவம்பருக்குப் பிறகு செய்த படகு என்றால், பின்பக்கத்தில் 12 எழுத்து, எண் கொண்ட அடையாளம் பொறித்திருக்கும். இதில் அது இல்லை. மே மாதம் மீன்பிடி சீசன் தொடங்குகிற முதல் நாளில், 9 வயது மகனை ஏற்றிக்கொண்டு வால்ஐ மீன் பிடிக்கப் போவது அவர் திட்டம். அந்த முதல் நாள் மினசோட்டாவில் கிட்டத்தட்ட ஒரு திருவிழா.

சித்தி படகைச் சுற்றி ஒரு நடை நடந்து பார்த்தாராம். "ஏனுங்க, இது நம்மூரு அலுமினிய அண்டா மாதிரியே இருக்குதுங்களே" என்றாராம். தப்பில்லை. ஆனால், இந்த அண்டாவின் பூர்வீகம் போர் விமானம்!

இரண்டாம் உலகப்போரில் அமெரிக்கக் கடற்படைக்கு 'ஹெல்கேட்' விமானங்களைச் செய்துகொடுத்த நிறுவனம் கிரம்மன். அதன் துணைத் தலைவர் வில்லியம் ஹாஃப்மன் 1944-ல் விடுமுறைக்கு நியூயார்க் மாநிலத்தின் அடிராண்டாக் மலைப்பகுதிக்குப் போனார். ஓர் ஏரிக்கும் அடுத்த ஏரிக்கும் நடுவில் படகைத் தலையில் தூக்கி நடக்க வேண்டும். மரமும் கித்தானும் சேர்ந்த படகு, கழுத்தை முறிக்கிற கனம். 'விமானத்தைத் தகட்டில் செய்கிறோம், படகை ஏன் செய்யக் கூடாது?' என்று அவருக்குத் தோன்றியது. போர் முடிகிற நேரத்தில் கிரம்மனின் அலுமினியத் துடுப்புப் படகுகள் வெளியே வந்தன. தகட்டை இரண்டு பாதிகளாக வளைத்து, விமான இறக்கையில் அடிக்கிற அதே முறையில் ரிவெட் அடித்துச் சேர்த்தார்கள். போருக்குப் பிறகு இந்தத் தொழிலுக்குப் பலரும் வந்தார்கள். மினசோட்டாவிலேயே நியூயார்க் மில்ஸ் என்கிற சின்ன ஊரில் ஹோவர்ட் லண்ட் என்பவர் 1948-ல் தொடங்கிய படகுத் தொழில், இன்றும் அவர் பெயரிலேயே நடக்கிறது.

அலுமினியம் துருப்பிடிக்காது, மரத்தைப்போல மட்காது. அதனால்தான் 60 வருஷத்துப் படகு கொல்லையில் கிடந்தும் அப்படியே இருக்கிறது. மேட்டூரிலும் ஒரு காலத்தில் அலுமினிய ஆலை ஓடியது. ஏற்காடு, கொல்லிமலைப் பக்கம் வெட்டிய பாக்சைட் அங்கே வந்து அலுமினியம் ஆனது. "அந்தப் புகைபோக்கியைப் பார்த்துட்டே பள்ளிக்கூடம் போனவன் கண்ணு நான். எனக்குத் தெரியாத அலுமினியமா?" என்று வீடியோ காலில் சித்தப்பா என்னிடம் பெருமை அடித்தார். ஆனால், உலோகம் கெடாது என்பதும் படகு கெடாது என்பதும் ஒன்றில்லை. தகட்டைச் சுற்றி இருக்கிற மற்ற எல்லாமே கெடும்.

முதலில் ஒழுகல். படகு எங்கே ஒழுகுகிறது என்று கண்டுபிடிக்க ஏரிக்கே போக வேண்டியதில்லை. டிரெய்லரில் ஏற்றி வைத்து, வெளியிலிருந்து உள்ளே வராமல் உள்ளிருந்து வெளியே வரவிட வேண்டும். அதாவது, படகுக்குள் நாலு விரற்கடை தண்ணீர் நிரப்பிவிட்டு, அடியில் படுத்துக்கொண்டு எங்கே சொட்டுகிறது என்று பார்த்து வட்டம் போடுவது. விளிம்பு வரை நிரப்பிவிடக் கூடாது. அந்த நாலு விரற்கடைத் தண்ணீரே 300 கிலோ வரை வரும். கீழே சரியான முட்டு இல்லாவிட்டால் தகடு நெளிந்துவிடும். சித்தப்பா போட்ட வட்டங்கள் 23. அத்தனையும் ரிவெட்டுகள். தகட்டில் ஒரு ஓட்டைகூட இல்லை.

அலையில் குதித்துக் குதித்துப் போவதில் ரிவெட்டுகள் தளர்ந்துபோகும். வீட்டு வாணலியில் காது ஆடத் தொடங்குமே, அதே கதைதான். பாத்திரக் கடைக்காரர் அதை என்ன செய்வார்? ஆணியை மாற்ற மாட்டார். அடியில் ஓர் இரும்பைக் கொடுத்து மேலே இரண்டு தட்டு. பிடித்துக்கொள்ளும். படகுக்கும் முதல் வைத்தியம் அதுதான். ஆனால், வாணலியைத் திருப்பி மடியில் வைத்துக்கொள்ளலாம், 14 அடிப் படகை முடியுமா? வெளியே ஒருவர், உள்ளே ஒருவர் வேண்டும். ஒருவர் ரிவெட்டின் தலையில் அடிக்கிற அதே கணம், மறுபக்கம் இருப்பவர் கனமான இரும்புக் கட்டியை அதன் வாலில் அழுத்திப் பிடிக்க வேண்டும். அந்த இரும்பில் மோதி வால் நசுங்கிப் பரவி இறுகும். ஒருவரை ஒருவர் பார்க்க முடியாது. குரல்தான்.

தனியாக வேலை செய்கிறவர்கள் இதற்குக் குறுக்குவழி தேடி, பாப் ரிவெட் துப்பாக்கியை எடுத்துவிடுகிறார்கள். ஒரே பக்கத்திலிருந்து அடிக்கலாம், வசதி. ஆனால், சாதாரண பாப் ரிவெட்டின் நடுவில் துளை உண்டு. அதன் வழியாகவே தண்ணீர் வரும். மறுமுனை மூடிய வகை கிடைக்கிறது என்றாலும், தண்ணீருக்குக் கீழே இருக்கிற இடத்துக்குக் கெட்டி ரிவெட்தான் பலம்.

சித்தி உள்ளே இரும்பைப் பிடிக்க, சித்தப்பா வெளியே அடிக்க, மூன்று சனிக்கிழமைகள் போயின. "அடிக்கட்டுமா?" "அடிங்க." "அடிக்கட்டுமா?" "அடிங்கங்கறேன்ல!" கல்யாணமாகி 12 வருஷத்தில் இவ்வளவு நேரம் சேர்ந்து ஒரு வேலை செய்ததே இல்லை என்று சித்தி சொன்னார். குறையாகச் சொன்னாரா, பெருமையாகச் சொன்னாரா, தெரியவில்லை. சில ரிவெட்டுகள் தட்டியும் இறுகவில்லை. அவற்றைத் துளையிட்டு எடுத்து, ஒரு சைஸ் பெரியதாகப் புதுசு அடித்தார்கள்.

தையல்களில் உள்பக்கமாக எபாக்ஸி பூச்சு ஓடவிட்டதும் ஒழுகல் நின்றுவிட்டது. 'அவ்வளவுதான், இனி பெயின்ட்' என்று சித்தப்பா கலர் அட்டையை எடுத்தார். இங்கேதான் சித்தி ஒரு கேள்வி கேட்டார்.

"இது கவுந்தா மெதக்குமா?"

வீடியோக்கள் தாண்டிப் போகிற இடம் இதுதான். மரப்படகு மூழ்கினாலும் மரம் மிதக்கும். மேட்டூர் அணையில் சுற்றுகிற பரிசலில் மூங்கிலாவது இருக்கிறது. அலுமினியம் எவ்வளவு லேசு என்று சொன்னாலும், தண்ணீரைவிட 2.7 மடங்கு கனம். உள்ளே தண்ணீர் நிரம்பினால் அது வெறும் தகடு. நேராக அடிக்குத்தான் போகும். அதைத் தடுக்க, பெஞ்சுகளுக்கு உள்ளே ஃபோம் அடைத்திருப்பார்கள். உட்காருகிற இடம் என்று நாம் நினைப்பது, உண்மையில் படகின் உயிர்ப்பெட்டி.

சித்தப்பா நடு பெஞ்சின் மேல்தகட்டைக் கழற்றினார். மஞ்சளாக, பிய்ந்த பிரெட் மாதிரி ஒரு கட்டி. எடுக்கப் போனவர் கை வழுக்கியது. 60 வருஷமாகக் குடித்த தண்ணீர் அத்தனையும் அதற்குள் இருந்தது. ஒரு கன அடி நல்ல ஃபோம், தண்ணீருக்குள் சுமார் 27 கிலோவைத் தூக்கிப் பிடிக்கும். அதே ஒரு கன அடி முழுக்க ஊறிவிட்டால் 28 கிலோ தண்ணீரைச் சுமக்கிற பஞ்சு. தூக்கிப் பிடிக்க வேண்டியது தொங்குகிற சுமையாகிவிடும். கராஜ் தரையில் சித்தப்பா அதைப் பிழிந்து காட்டினார். போனில் பார்த்துக்கொண்டிருந்த எனக்கே வயிற்றைப் பிசைந்தது. பெயின்ட் அடித்து, கார்பெட் ஒட்டி, இந்தப் பெஞ்சின் மேல் பையனை உட்காரவைத்திருப்பார்.

கணக்கு ஒன்றும் கஷ்டமில்லை. அந்தப் படகுத் தகடு சுமார் 100 கிலோ. தண்ணீருக்குள் முழுகினால் அதன் எடை 63 கிலோவாகத் தெரியும். 45 கிலோ இயந்திரம் முழுகினால் ஏறக்குறைய 35. இரண்டும் சேர்ந்து 98. ஆக, படகு வெறுமனே மூழ்காமல் இருப்பதற்கே கிட்டத்தட்ட 4 கன அடி நல்ல ஃபோம் வேண்டும். அதைப் பிடித்துக்கொண்டு மனிதர்கள் உயிரோடு இருக்க வேண்டுமென்றால் இன்னும் கூடுதல்.

சித்தப்பா கடினமான ஃபோம் பலகைகளை வாங்கி, அளவுக்கு அறுத்து அடுக்கினார். நுரையாக ஊற்றினால் பொங்கி இறுகுகிற வகையும் உண்டு. ஆனால், கீழே தண்ணீர் வடிய வழியில்லாமல் ஊற்றினால் மறுபடி அதே பழைய கதை. பலகை என்றால் அடியில் இடைவெளி விடலாம். ஒரே எச்சரிக்கை, பெட்ரோல். பள்ளி நாட்களில் தெர்மாகோலை பெட்ரோலில் கரைத்துப் பசை செய்திருக்கிறீர்களா? இந்தப் பலகையும் அதே இனம்தான். எரிபொருள் டேங்க்கை அதன் பக்கத்தில் வைக்கக் கூடாது.

இதைச் சொல்லும்போது ஒரு விஷயத்தைச் சொல்லியே ஆக வேண்டும். வீடியோக்களில் பாதிப்பேர் செய்கிற முதல் காரியம், நடு பெஞ்சை அறுத்து எடுப்பது. நடமாட இடம் கிடைக்கும், மேடை போடலாம், நின்றுகொண்டு தூண்டில் வீசலாம். பார்க்க அம்சமாகத்தான் இருக்கிறது. ஆனால், அந்த பெஞ்ச்தான் இரண்டு பக்கத் தகட்டையும் இழுத்துப் பிடிக்கிற குறுக்குச் சட்டம். எடுத்துவிட்டால் பக்கங்கள் அலையில் விரிந்து சுருங்கும். உள்ளேயிருந்த ஃபோமும் போயிற்று. போதாததற்கு மேடை போட்டு மனிதர்கள் உயரத்தில் நிற்பதால், படகு சாய்வதும் சுலபமாகிவிடும். இத்தனையும் ஒரே அறுப்பில். சித்தப்பாவுக்கும் அந்த ஆசை இருந்தது. சித்தி பதிலே சொல்லவில்லை. பார்த்தார். அவ்வளவுதான்.

பின்பலகை கதை சின்னது. நம் கடலோரத்தில் படகின் பின்பக்கத்தை அமரம் என்பார்கள். அங்கே இயந்திரத்தைக் கவ்விப் பிடிக்க, தகட்டுக்கு நடுவில் ப்ளைவுட் செருகியிருப்பார்கள். சுத்தியலால் தட்டிப் பார்த்தால் நல்ல பலகை 'டக்' என்கும். இது 'தொப்' என்றது. கழற்றினால் கையோடு வந்தது மரத்தூள். ஓடும்போது இது உடைந்தால் இயந்திரம் ஏரிக்குள் போகும்.

புதுப் பலகை வாங்கப்போன இடத்தில், "வெளியில் போடுகிற மரம், பூச்சி அரிக்காது, மட்காது" என்று மருந்து ஏற்றிய ப்ளைவுட்டைக் காட்டியிருக்கிறார்கள். நல்லவேளை, சித்தப்பா லேபிளைப் படித்தார். செம்பு கலந்த மருந்து. செம்பும் அலுமினியமும் ஈரத்தில் தொட்டுக்கொண்டால் ஒரு குட்டி பேட்டரிதான். செம்புக்கு ஒன்றும் ஆகாது, அலுமினியம் கரையும். அலுமினியப் பாத்திரத்தில் புளிக்குழம்பை ராத்திரி முழுக்க வைத்தால் உள்ளே புள்ளிப் புள்ளியாக அரித்திருக்குமே, அதைவிட மோசமாக. படகின் அடியில் ஒரு செம்புக் காசு விழுந்து கிடந்தாலே காலப்போக்கில் ஓட்டை விழும் என்று அங்கே படகுக்காரர்கள் எச்சரிப்பார்கள். அமெரிக்காவில் 2003-க்குப் பிறகு வீட்டு உபயோக மரத்தில் ஆர்சனிக் கலந்த மருந்தை நிறுத்திவிட்டார்கள். அதற்கு பதிலாக வந்தவற்றில் செம்பு இன்னும் அதிகம். உடம்புக்கு நல்லது, அலுமினியப் படகுக்கு எமன். சித்தப்பா சாதாரண ப்ளைவுட்டையே வாங்கி, எல்லாப் பக்கமும், குறிப்பாக ஓரங்களிலும் ஆணித் துளைகளிலும், எபாக்ஸி பூசி மாட்டினார்.

இதற்குள் மே வந்துவிட்டது. சீசன் முதல் நாளுக்கு ஐந்து நாள். படகு ஒழுகவில்லை, ஃபோம் புதுசு, பலகை புதுசு. லைஃப் ஜாக்கெட் இருக்கிறது. மினசோட்டாவில் 10 வயதுக்குக் கீழே உள்ள பிள்ளைகள் ஓடுகிற படகில் அதைப் போட்டே ஆக வேண்டும், சட்டம். "போலாமா?" என்றார் சித்தப்பா.

"மொதல்ல மூழ்கடிச்சுக் காட்டுங்க. அப்புறம் புள்ளையை ஏத்துங்க" என்றார் சித்தி.

சித்தப்பா என்னிடம் போனில் புலம்பினார். "ஏங்கண்ணு, மூணு மாசமா ஒழுகாம இருக்கணும்னு உசுரைக் குடுத்து ஒட்டியிருக்கேன். அதுல தண்ணிய ஊத்தச் சொல்றா உங்க சித்தி!" எனக்கு சித்தி பக்கம்தான் நியாயம் இருப்பதாகப் பட்டது. பனி உருகி ஒரு மாதம்கூட ஆகாத ஏரித் தண்ணீர். அதில் விழுந்தால் முதல் நிமிடத்திலேயே மூச்சுத் திணறும், கொஞ்ச நேரத்தில் கை விரல்கள் மரத்துப்போகும். நீச்சல் தெரிந்தவருக்கும் அதே கதிதான். அப்போது பிடித்துக்கொள்ள மிதக்கிற பொருள் ஒன்று பக்கத்தில் இருக்கிறதா, இல்லையா என்பதுதான் கேள்வி.

முதல் நாள் திருவிழா அவர்கள் இல்லாமலே நடந்தது. பையன் இரண்டு நாள் அப்பாவிடமும் பேசவில்லை, அம்மாவிடமும் பேசவில்லை.

ஜூனில் தண்ணீர் கொஞ்சம் சூடேறியதும், இடுப்பளவு ஆழத்தில் சோதனை. இயந்திரம், எரிபொருள் எல்லாம் கரையில். இயந்திரம் இருக்க வேண்டிய இடத்தில் உடற்பயிற்சி இரும்புத் தட்டுகளைக் கட்டித் தொங்கவிட்டார்கள். பக்கத்து வீட்டு அமெரிக்கர் ஒருவர் வந்து, இரண்டு பேரும் ஒரு பக்கத்தை அமுக்கித் தண்ணீரை உள்ளே விட்டார்கள். படகு நிரம்பியது. மூழ்கவில்லை. ஆனால், பின்பக்கம் மட்டும் கீழே போய்க்கொண்டே இருந்தது. அமரம் தரையைத் தொட்டது. முன்பக்கம் மூக்கைத் தூக்கிக்கொண்டு நின்றது. ஆழத்தில் என்றால் செங்குத்தாகவே நின்றிருக்கும். வழுக்குகிற மூக்கைக் கட்டிப்பிடித்துக்கொண்டு எத்தனை பேர், எவ்வளவு நேரம் தாக்குப்பிடிக்க முடியும்?

பழைய படகுகளில் இது பெரிய பிரச்னை. 1978 ஆகஸ்ட் முதல் அமெரிக்காவில் செய்யப்படுகிற, வெளியே இயந்திரம் மாட்டுகிற 20 அடிக்குக் குறைவான படகுகள், தண்ணீர் நிரம்பினாலும் ஏறக்குறைய மட்டமாகவே மிதக்க வேண்டும் என்று விதி வந்தது. 2 குதிரைசக்திக்கு மேற்பட்ட இயந்திரம் தாங்கும் சாதாரண அடித்தட்டுப் படகுகளுக்கு இது பொருந்தும். மொத்தம் எத்தனை ஃபோம் என்பதைவிட, அது எங்கே இருக்கிறது என்பது முக்கியமானது. சித்தப்பாவின் படகு அந்த விதிக்கு முந்தையது. அதைச் செய்தவர்கள் போட்ட இடத்திலேயே அவரும் ஃபோம் போட்டிருந்தார். இயந்திரத்தின் கனத்துக்குப் பின்பக்கம் போதவில்லை.

சித்தப்பா அன்றைக்கு சித்தியிடம் அதிகம் பேசவில்லை. மறுநாள் பின் பெஞ்சுக்குக் கீழே இரண்டு மூலைகளிலும், பக்கத் தகடுகளை ஒட்டி உயரமாகவும் ஃபோம் வைத்து மூடினார். அடுத்த ஞாயிறு மறுபடி அதே கரை, அதே இரும்புத் தட்டு, அதே பக்கத்து வீட்டுக்காரர். இந்த முறை விளிம்பு வரை தண்ணீர் நிரம்பி, பின்பக்கம் ஒரு கை அளவு மட்டும் தாழ்ந்து, படகு நின்றது. சித்தப்பா ஏறி, தண்ணீர் நிரம்பிய பெஞ்சில் உட்கார்ந்தார். இன்னும் கொஞ்சம் தாழ்ந்தது, அவ்வளவுதான். சித்தி வீடியோ எடுத்து எனக்கு அனுப்பினார். மார்பளவு தண்ணீரில் உட்கார்ந்துகொண்டு சித்தப்பா கை ஆட்டுகிறார். பையன் கரையில் குதிக்கிறான்.

பெயின்டா? அதற்கு நேரமும் இல்லை, பட்ஜெட்டும் இல்லை. டாலர் கணக்கு எழுதிய நோட்டை சித்தப்பா மூடி வைத்துவிட்டார். வாங்கிய விலையைப்போல இரண்டு மடங்குக்கு மேல் போய்விட்டதாம், விற்றால் பாதிகூட வராதாம். தவிர, அலுமினியத்துக்கு பெயின்ட் கட்டாயமில்லை. அந்தக் காலத்துப் பூச்சில் ஈயமோ குரோமியமோ இருக்கலாம், கராஜில் உலர்வாகத் தேய்த்துத் தூசி கிளப்பக் கூடாது. தேய்த்த தகட்டின் மேல் காற்றுப் பட்டதுமே ஆக்ஸைடு படலம் கட்டும் என்பதால், அன்றே ப்ரைமர் அடிக்காவிட்டால் பெயின்ட் உரியும். அதெல்லாம் அடுத்த வருஷக் கவலை.

ஜூன் கடைசி ஞாயிறு அனுப்பிய போட்டோவில், படகு ஆங்காங்கே பழைய பச்சையும் சொட்டைச் சொட்டையாக வெறும் தகடுமாக இருக்கிறது. பின்னால் சித்தப்பா, நடு பெஞ்சில் ஆரஞ்சு ஜாக்கெட்டில் பையன். முன்பக்கம் சித்தி, மடியில் எலுமிச்சை சாதம் டப்பா, காலடியில் தண்ணீர் இறைக்கக் கயிறு கட்டிய ஒரு பிளாஸ்டிக் ஜக். மீன் கிடைத்ததா என்று கேட்டேன். "ஒண்ணுகூட இல்லை கண்ணு, இவன் ஓயாம பேசிட்டே இருந்தான்" என்றார் சித்தப்பா.